காடிலாக் வீட்டுக் கடைக்குட்டி

கார் வாங்கும் உத்தேசமே இல்லாதவன் கார் கம்பெனிகளின் விளம்பரப் புத்தகங்களைப் படிப்பதில் ஒரு சௌகரியம் உண்டு: விலையைப் பார்த்து வயிறு எரியாது. அதுவும் நாற்பது வருடத்துக்கு முந்தைய அமெரிக்கக் கார் என்றால், கடன் தருகிறோம் என்று எந்த வங்கியும் போன் செய்யாது. எனக்குப் பிடித்தது 1982-ஆம் ஆண்டு காடிலாக் வரிசை. “இதுல எதை வாங்கப் போறீங்க?” என்று வீட்டில் கேட்பாள். பெரிய குடும்பம் ஒன்று நொடித்துப்போகும்போது அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் எப்படி நடமாடும் என்பதை எந்த நாவலும் இவ்வளவு விலாவாரியாகச் சொன்னதில்லை என்று எப்படி விளக்குவது?

நொடித்தது பணத்தில் அல்ல, பெட்ரோலில். 1973 எண்ணெய் நெருக்கடியில் அடிபட்ட அமெரிக்க அரசு, 1975-இல் ஒரு சட்டம் போட்டது. ஒரு கம்பெனி விற்கும் கார்கள் எல்லாம் சேர்ந்து சராசரியாகக் கேலனுக்கு இத்தனை மைல் ஓடியாக வேண்டும். 1978-இல் 18 மைல், 1985-இல் 27.5 மைல். 1976 வரை காடிலாக்கின் எல்டொராடோ மாடலில் இருந்தது 8.2 லிட்டர் என்ஜின். 1982-இல் புதிதாக வந்த எச்.டி. 4100 என்ஜின் 4.1 லிட்டர். கணக்கில் நான் சுமார்தான். இது சரிபாதி என்பது எனக்கே தெரிகிறது. காரை அந்த அளவுக்குக் குறைக்க மட்டும் மனசு வரவில்லை. ஃப்ளீட்வுட் ப்ரோம் என்ற மாடல் அப்போதும் 18 அடி நீளம், ஏறக்குறைய 1,800 கிலோ. இழுக்க 125 குதிரைத்திறன். தலைக்குப் பதினாலரை கிலோதானே என்று தோன்றும். மேடு வந்தால் தெரியும். போதாக்குறைக்கு என்ஜின் பிளாக் அலுமினியம், மேலே உட்கார்ந்த ஹெட் வார்ப்பிரும்பு. சூடானால் இரண்டும் ஒரே அளவு விரியாது. நடுவில் மாட்டிக்கொண்ட கேஸ்கட் கசிந்தது, கூலன்ட் போய் ஆயிலில் கலந்தது, பேரிங்குகள் தேய்ந்தன.

இதற்கு முந்தின வருடக் கூத்து இன்னும் விசேஷம். வி8-6-4 என்று ஒரு என்ஜின். சுமை குறைந்தால் எட்டு சிலிண்டரில் இரண்டோ நான்கோ வேலையை நிறுத்திக்கொள்ளும். இந்த நேரத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று டாஷ்போர்டில் எண் வேறு காட்டும். எங்கள் ஆபீஸில் இப்படி ஒரு பலகை மாட்டினால், மதியம் மூன்று மணிக்கு அதில் என்ன எண் வரும் என்று யோசித்துவிட்டு அந்த யோசனையைக் கைவிட்டேன். சிலிண்டர்களை நிறுத்தி ஓட்டிய அன்றைய கம்ப்யூட்டருக்கு வேகம் போதவில்லை. கார் குலுங்கியது, உதறியது. பலர் மெக்கானிக்கிடம் போய் ஒரு ஒயரைத் துண்டிக்கச் சொல்லி, எட்டையும் முழுநேர வேலைக்குத் திரும்ப வைத்தார்கள். 1982-இல் மற்ற கார்களிலிருந்து இதை எடுத்துவிட்டு, லிமோசினில் மட்டும் விட்டுவைத்தார்கள். முதலாளி பின்னால் அல்லவா உட்கார்ந்திருக்கிறார், டாஷ்போர்டு அவர் கண்ணில் படாது.

டீசல் என்ஜினும் கிடைத்தது, 5.7 லிட்டர், 105 குதிரைத்திறன். அதை வாங்கியவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு பட்டுவிட்டார்கள், நான் வேறு எதற்கு? செவில் என்ற மாடலின் பின்பக்கத்தைச் சரிவாகச் சீவியிருந்தார்கள். பழைய ஆங்கிலேயக் கார்களின் சாயலாம். சிலருக்கு அது கம்பீரம். எனக்கு, பின்னால் எவனோ இடித்துவிட்டுப் போன மாதிரிதான் தெரிகிறது.

ஆனால் அந்த வருட வரிசையின் உண்மையான நாயகன் கடைக்குட்டி சிமரான். பி.எம்.டபிள்யூ.வின் சின்னக் கார்களுக்குப் போட்டியாக அவசர அவசரமாக இறக்கிய கார். ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஐந்து பிராண்டுகளுக்கும் ஒரே அச்சில் வார்த்த ‘ஜே’ வகைக் காரில் காடிலாக்கின் பங்கு இது. மலிவான பங்கின் பெயர் ஷெவர்லே கவாலியர். கூரை அதே, கதவு அதே, 1.8 லிட்டர் என்ஜினும் அதே: நாலு சிலிண்டர், 88 குதிரைத்திறன். 1914-க்குப் பிறகு அதுவரை காடிலாக் நாலு சிலிண்டரைத் தொட்டதே கிடையாது. தோல் இருக்கை, ஏ.சி., அலுமினியச் சக்கரம், புது கிரில், அதன் மேல் குலச்சின்னம். விலை 12,131 டாலர். முதல் வருடம் கம்பெனியே இதை ‘காடிலாக் சிமரான்’ என்று அழைக்கக் கூசி, ‘காடிலாக் வழங்கும் சிமரான்’ என்ற தோரணையில் விளம்பரம் செய்தது. கல்யாணப் பத்திரிகையில் பெயரைப் போட்டுவிட்டு, போட்டோவுக்கு மட்டும் ஓரமாக நிற்கச் சொல்வது நம் வீடுகளில் மட்டும் நடப்பதில்லை போலிருக்கிறது.

காடிலாக்கின் குலப்பெருமையை இந்தக் கார் கெடுத்துவிட்டதாகக் கார் எழுத்தாளர்கள் இன்றுவரை திட்டுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்தக் குலத்தின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1701-இல் டெட்ராய்ட்டை நிறுவிய பிரெஞ்சுக்காரரின் பெயரைத்தான் 1902-இல் கம்பெனிக்கு வைத்தார்கள். அந்தச் சீமானின் நிஜப் பெயர் அந்துவான் லோமே. தென்மேற்குப் பிரான்ஸின் ஒரு சிற்றூர்ப் பிள்ளை. அமெரிக்கக் கண்டத்துக்குக் கப்பலேறி வந்தவர், கேட்க ஆளில்லை என்று கண்டதும் ‘த லா மோத் காடிலாக்’ என்று பிரபுப் பட்டம் சூட்டிக்கொண்டு, அதற்குத் தோதாகக் குலச்சின்னம் ஒன்றையும் தானே ஏற்படுத்திக்கொண்டார். அதைத்தான் கம்பெனி கிரில்லில் பதித்தது. சாதாரணப் பிறவி மேல் அந்தச் சின்னத்தை ஒட்டி, மேட்டுக்குடி என்று சொல்லி அனுப்பியது 1982-இல் முதல் தடவை அல்ல. அந்த வருட வரிசையிலேயே மூதாதையரை அச்சு அசலாகக் கொண்டு பிறந்த பிள்ளை சிமரான்தான்.

அந்தப் பிள்ளையை 1988-இல் நிறுத்திவிட்டார்கள். சின்னத்தில் ஆறு குட்டிப் பறவைகள் இருந்தன. குலச்சின்ன மரபுப்படி அவற்றுக்குக் காலும் கிடையாது, அலகும் கிடையாது. 2000 வாக்கில் சின்னத்தை நவீனப்படுத்துகிறோம் என்று அவற்றையும் எடுத்துவிட்டார்கள். உட்காரக் காலும் இல்லை, வாங்கிக்கட்டிக்கொண்டதற்குப் பதில் பேச அலகும் இல்லை. இத்தனை காலம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம்.