ஓடும் அறிவிப்பும் உட்கார்ந்த காதும்: ஒரு தெருவியல் ஆய்வு

பேரூராட்சி ஆட்டோ கடந்து போனதும் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு எழும் கேள்வி ஒன்றுதான்: "என்ன சொல்லிட்டுப் போறான்?" இதற்குக் காரணமாக ஒலிபெருக்கியின் கரகரப்பு, கேட்பவரின் வயது, எதிர்வீட்டு மிக்ஸி ஆகிய மூன்றும் வழக்கமாகக் குற்றம் சாட்டப்படுகின்றன. மூன்றும் நிரபராதிகள் என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

களப்பணி எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்தது. கருவிகள்: கைபேசிக் கடிகாரம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அறிவிப்பு ஒருமுறை ஓடி முடிய 45 விநாடி. ஆட்டோவின் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்தால், விநாடிக்கு 4 மீட்டர் சொச்சம். பேச்சு சொல் சொல்லாகப் புரிவது வீட்டுக்கு இந்தப் பக்கம் 30 மீட்டர், அந்தப் பக்கம் 30 மீட்டர். அதற்கப்பால் வெறும் இரைச்சல். அந்த 60 மீட்டரைக் கடக்க ஆட்டோவுக்கு 14 விநாடி போதும். ஆக, எந்த வீட்டுக்கும் அறிவிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிடைப்பதில்லை. வேகத்தடைக்கு நேரெதிர் வீட்டாருக்கு மட்டும் நாலு சொல் கூடுதல். அவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள் மாதிரி நடந்துகொள்வது இதனால்தான்.

இதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு வேறு. ஓட்டுநர் தெருமுனைக் கடையில் டீ குடித்து, கிளாஸை வைத்த பிறகுதான் பென் டிரைவை ஓடவிடுகிறார். எனவே ஒவ்வொரு வீட்டுக்கும் எப்போதும் அதே மூன்றில் ஒரு பங்குதான் வாய்க்கிறது. தெரு முனையில் இருப்பவர்கள் "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு" என்பதைக் கேட்டே வளர்ந்தவர்கள். அரசாங்கம் மரியாதை தெரிந்தது என்பது அவர்கள் கருத்து. கடைசி வீடுகளில் விழுவது "துண்டிக்கப்படும் என எச்சரிக்கப்படுகிறது, இப்படிக்கு செயல் அலுவலர்." ஆண்டு முழுக்க மிரட்டலையே கேட்டவர்கள் எந்தக் கட்சிக்குத்தான் நன்றியோடு ஓட்டுப் போடுவார்கள்?

இவ்வாய்வாளர் குடியிருப்பது நடுப்பகுதியில். எங்களுக்கு வருபவை காரணங்களும் நடுத்துண்டுகளும் மட்டுமே. "பிரதானக் குழாயில் ஏற்பட்ட உடைப்பு காரணமாக" வரை தெரியும். என்றைக்குத் தண்ணீர் வராது என்பது கடைசி வீட்டாரின் சொத்து. போன ஏப்ரலில் எங்களுக்குக் கிடைத்தது "5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய்." பக்கத்து வீட்டு அண்ணாச்சி வங்கிப் புத்தகத்தோடு அலுவலகத்துக்குப் போய்விட்டார். அரையாண்டுச் சொத்து வரியை ஏப்ரல் 30-க்குள் கட்டினால் அந்த வரியில்தான் கழிவு என்று கவுன்ட்டரில் சொல்லி, நிலுவையையும் சேர்த்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அன்று முதல் அவர் ஆட்டோ வந்தால் ஜன்னலைச் சாத்திவிடுகிறார்.

வரலாற்றுக்கு வருவோம். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும், குடவோலை விதிகளைக் கோவில் சுவரில் வெட்டிவைத்தார்கள். வயது 35-க்கு மேல், 70-க்குக் கீழ். வரி கட்டும் நிலம் கால் வேலியாவது வேண்டும். கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது. ஏரிக்கென்று தனி வாரியம். இங்கே நம் கவனத்துக்குரியது, அந்த அறிவிப்பு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அதே இடத்தில் நிற்கிறது. மனிதர்கள்தான் அதன் முன் நடக்கிறார்கள். விட்டுப்போனால் திரும்பி வந்து படிக்கலாம். உத்திரமேரூர் இன்று ஒரு பேரூராட்சி.

தண்டோராக்காரரும் ஆட்டோவுக்கு மேல். முச்சந்தியில் நின்று, அடித்து, ஆள் கூடிய பிறகுதான் வாயைத் திறப்பார். 2022 ஆகஸ்ட்டில் தண்டோராவுக்குத் தடை வேண்டும், வாகன ஒலிபெருக்கியே போதும் என்று தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்கு எழுதினார். அந்த வேலையைச் சாதி பார்த்துத் தலையில் கட்டிய அநியாயம் ஒழிய வேண்டியதுதான், அதில் மறுபேச்சில்லை. ஆனால் பறையோடு சேர்த்து நிற்பதையும் ஏன் ஒழித்தார்கள் என்பது விளங்கவில்லை.

ஒரு காலத்தில் இந்தக் குறையைத் தெருக்குழாய் ஈடுகட்டியது. முனை வீட்டுக் குடமும் நடு வீட்டுக் குடமும் கடைசி வீட்டுக் குடமும் வரிசையில் நிற்க, மூன்று பங்கும் அங்கே ஒட்டுப்போட்டு முழுச் செய்தியாகும். கொஞ்சம் சண்டையும் நடக்கும்; செய்தி கெட்டுப்போகாது. வீட்டுக்கு வீடு இணைப்பு வந்ததும் குழாயடி போயிற்று. இப்போது எங்கள் பங்கு எங்களிடம், அவர்கள் பங்கு அவர்களிடம்.

சென்ற மாதம் ஆய்வுக்கு எதிர்பாராத வாய்ப்பு கிடைத்தது. மணல் லோடு இறக்கிய டிப்பர் குறுக்கே நின்றுவிட, ஆட்டோ சரியாக எங்கள் வாசலில் மாட்டிக்கொண்டது. அறிவிப்பு நாலு முறை தொடக்கம் முதல் ஒப்பம் வரை ஓடியது. அண்ணாச்சி ஜன்னலைத் திறந்தார். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். உடைப்பு உண்மை, இரண்டு நாள் தண்ணீர் வராது என்பதும் உண்மை. ஆனால் "வார்டு எண் 9 முதல் 15 வரை" என்றொரு வரி முதல் பங்கில் இருந்தது. முனை வீட்டார் அதை எத்தனையோ முறை கேட்டிருப்பார்கள். எதற்காக அந்த எண்கள் என்பது அவர்கள் பங்கில் வராது. ஒலிபெருக்கி ஆட்டோ அந்த வார்டுகளுக்குப் போகும் வழிதான் எங்கள் தெரு.

எங்களுடையது ஐந்தாவது வார்டு. மாடியில் சின்டெக்ஸ், குளியலறையில் இரண்டு டிரம், சமையலறையில் ஏழு குடம், எல்லாம் தளும்பத் தளும்ப நிரம்பியிருந்தன.