கொஞ்சம் தாங்கித் தாங்கி நடங்க

சாலையில் அடிபட்டவனுக்கு நஷ்டஈடு வேண்டுமென்றால், வண்டி ஓட்டியவன் மேல்தான் தப்பு என்று முதலில் நிரூபித்தாக வேண்டியிருந்தது. 1977-இல் உச்ச நீதிமன்றமே அப்படித்தான் சொல்லியிருந்தது. 1982-இல் பார்லிமென்ட் மனமிரங்கியது. தப்பு யாருடையதாக இருந்தாலும் சரி, உயிர் போனால் ரூ. 15,000, நிரந்தர ஊனமென்றால் ரூ. 7,500 என்று 1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 92ஏ என்ற பிரிவைச் செருகினார்கள். 1984 கோடையில் அந்தப் பிரிவுக்கு எங்கள் அப்பா தகுதி பெற்றார். கிட்டத்தட்ட.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். காஞ்சிபுரத்தில் சைக்கிளை ஓரங்கட்டி, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி வெள்ளரிப்பிஞ்சு பேரம் பேசிக்கொண்டிருந்தவர் மேல் ஓர் அம்பாசடர் வந்து ஏறியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் பதிந்து எக்ஸ்ரே எடுத்து முடிப்பதற்குள் பெரியப்பா வந்துவிட்டார். "சிமெண்டு கட்டெல்லாம் வேணாம், எழுந்திரு" என்று புத்தூருக்குக் கூட்டிப்போனார். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை. நாலைந்து கட்டு மாற்றியதில் கால் பழையபடி நேராகிவிட்டது. கேஸுக்கு வந்த முதல் கேடு அதுதான்.

வக்கீல் குமாஸ்தாவுக்கு இந்த விஷயம் தெரியாது. விபத்தன்று சொந்தக்காரர்களுக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவர் அவர். அடுத்து வக்காலத்தில் கையெழுத்து வாங்க வீட்டுக்கு வந்தபோது, அப்பா கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார். குமாஸ்தா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, பெண் பார்க்க வந்த இடத்தில் கல்யாணமான பெண்ணைப் பார்த்தவர் மாதிரி திண்ணையில் உட்கார்ந்தார்.

"வாத்தியார் சார், இப்படி நடந்தா எப்படி?"

"ஏன், நல்லாத்தானே நடக்கறேன்?"

"அதான் சார் சிக்கல். நிரந்தர ஊனம்னா கை காலு போகணும், மூட்டு போகணும், கண்ணு காது போகணும். இல்லேன்னா முகமாவது கோரமாகணும்னு சட்டத்துல எழுதியிருக்கான்."

"முகம்..." என்று அப்பா தாடையைத் தடவிப் பார்த்தார்.

"அதுக்கெல்லாம் இனிமே வழியில்ல சார். கோர்ட்டுக்கு வர்றப்போ கொஞ்சம் தாங்கித் தாங்கி நடங்க. மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

காப்பியடித்த பையன்களை வெளியே அனுப்பிப் பழகியவர், சாயங்காலங்களில் திண்ணையிலிருந்து கிணற்றடி வரை நொண்டிப் பழகினார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். வாய்தா நாளன்று கோர்ட் படி வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. உள்ளே பெஞ்ச் கிளார்க் எழுந்து நின்று, "வணக்கம் சார்!" என்றார். அப்பாவின் பழைய மாணவர். அவ்வளவுதான், அப்பா வகுப்புக்குள் நுழைவதுபோல் முதுகை நிமிர்த்தி விறுவிறுவென்று நடந்து போய் நின்றார். 92ஏ மனு அங்கேயே படுத்துவிட்டது.

நல்லவேளையாக அந்தக் காலத்துச் சட்டம் கஞ்சத்தனமாக இருந்தாலும் பெருந்தன்மையானது. தப்பு பார்க்காத பணம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், தப்பை நிரூபித்து முழு நஷ்டஈடு கேட்கும் வழக்கு தனியாக ஓடும். அம்பாசடர் டிரைவர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தப்பை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியிருந்தார், அது உதவியது. வலி, வேதனைக்கு இவ்வளவு, சத்தான ஆகாரத்துக்கு இவ்வளவு, போக்குவரத்துக்கு இவ்வளவு என்று தீர்ப்பு வந்தது. புத்தூரில் பில் ஏது? வைத்தியச் செலவு பூஜ்யம். ஆனால் துணிமணி சேதம் என்று ஒரு தலைப்பு இருந்தது. வேட்டிக்குக் காசு வந்தது. அதற்குள் நான் படிப்பை முடித்து வேலைக்கே போயிருந்தேன்.

இப்போது காலம் மாறிவிட்டது. 2019-இல் திருத்தி, 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்த 164-ஆம் பிரிவின்படி தப்பு பார்க்காமல் உயிருக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். எலும்பு முறிந்தாலே கொடுங்காயம்; பிறகு அது கூடினால் என்ன, கூடாவிட்டால் என்ன! அப்பா முப்பது நாற்பது வருஷம் அவசரப்பட்டுவிட்டார். ஆனால் ஒன்று, இந்தப் பணத்தை வாங்கிக்கொண்டால் கூடுதலாகக் கேட்டுப் போட்ட மனு காலாவதியாகிவிடும். தொகையைக் கூட்டியவர்கள் வாசலைச் சாத்திவிட்டார்கள். எனக்கென்னவோ பழைய 7,500-தான் யோக்கியமாகப் படுகிறது.

என் முறை போன வருஷம் வந்தது. பல்லாவரம் பக்கம் சிக்னலில் நின்றுகொண்டிருந்த என் கார் மேல் ஒரு கால் டாக்ஸி பின்னாலிருந்து இடித்தது. பம்பர் பிளந்து, டிக்கி அமுங்கி, எனக்குக் கழுத்துப் பிடிப்பு. ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "எலும்புக்கு ஒண்ணும் இல்ல, சந்தோஷமா போங்க" என்றார். முறிவில்லையா, அப்படியானால் 15 நாள் கடும் வலியில் கிடந்தாலும் கொடுங்காயம்தான். பழைய தண்டனைச் சட்டத்தில் 20 நாளாக இருந்ததைப் புதிய நியாய சம்ஹிதாவில் சலுகை விலைக்குக் குறைத்திருக்கிறார்கள். பாழாய்ப்போன கழுத்து அந்தக் கெடுவுக்குள்ளேயே சரியாகித் தொலைத்தது. குடும்ப வியாதி.

சரி, காரையாவது பார்ப்போம் என்று இன்ஷூரன்ஸ் ஆப்பைத் திறந்தேன். விபத்து எப்படி நடந்தது என்ற இடத்தில் நீளமாக ஒரு பட்டியல். சும்மா நின்றுகொண்டிருந்தேன் என்பது மட்டும் அதில் இல்லை. இடித்தவர் பாலிசியில் கேட்கலாமே என்றால், பம்பருக்காக டிரிப்யூனலில் வழக்குப் போட வேண்டுமாம். "யாராவது போவாங்களா சார்? உங்க ஓன் டேமேஜ்லயே போட்டுடுங்க" என்றார் ஏஜென்ட். சர்வேயர் வீடியோ காலில் வந்தார். "கேமராவைக் கீழ கொண்டு போங்க... இன்னும் கீழ... விரலை எடுங்க சார்" என்று, நான் நடுரோட்டில் குந்தி உட்கார்ந்து காட்டியதைப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் பாதி என்றார். "பம்பர் டு பம்பர் பாலிசி எடுக்கலியா சார்?"

புதுப்பிக்கும்போது பார்த்தால், வருஷக்கணக்காகச் சேர்த்து 50 சதவீதமாக வளர்ந்திருந்த நோ கிளெய்ம் போனஸ் சுத்தமாகப் பூஜ்யம். தப்பு யார் மேல் என்பதை அந்தக் கணக்கு பார்ப்பதே இல்லை. கூடுதலாகக் கொஞ்சம் கட்டினால் அடுத்த முறை போனஸ் போகாமல் காப்பாற்ற ஒரு ஆட் ஆன் இருப்பதாக ஏஜென்ட் சொன்னார்.

"அடுத்த முறையும் நான் நின்னுக்கிட்டுதான் இருப்பேன்" என்றேன்.

"அதுக்குத்தான் சார் சொல்றேன், நிக்கறவங்களுக்குத்தான் இது ரொம்ப அவசியம்" என்றார்.