ஒரு வேன், இரண்டு இடம் போதும்

கேள்வி: பொங்கல் லீவுக்குக் குடும்பத்தோடு ஒருநாள் வேன் எடுக்கிறோம். வண்டலூர், முதலைப் பண்ணை, மாமல்லபுரம், வேடந்தாங்கல் நான்கையும் முடித்துவிடலாமா? (அம்பத்தூர் வாசகி)

பதில்: முடித்துவிடலாம் அம்மா, பார்க்கத்தான் முடியாது. வண்டலூர் பூங்கா மட்டுமே சுமார் 600 ஹெக்டேர். 1855-ல் மியூசியத்தில் தொடங்கி, பீப்பிள்ஸ் பார்க்கில் வளர்ந்து, 1985-ல் வண்டலூருக்கு வந்த நம் பழைய 'உயிர்காலேஜ்' அது. அதை ஒரு மணி நேரத்தில் ஓடிப் பார்த்தால் பிள்ளைகளுக்குப் புலி நினைவிருக்காது, கால்வலிதான் நினைவிருக்கும். காலையில் வண்டலூர், மாலையில் வேடந்தாங்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டும் கடற்கரைப் பக்கம், இன்னொரு நாளுக்கு.

கேள்வி: எனக்குச் செவ்வாய்க்கிழமைதான் வீக் ஆஃப். (தொழிற்பேட்டை ஊழியர்)

பதில்: வண்டலூர் விலங்குகளுக்கும் அன்றுதான் வீக் ஆஃப்! பண்டிகை விடுமுறையில் செவ்வாயன்று திறப்பதும் உண்டு, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். முதலைப் பண்ணைக்குத் திங்கள் விடுமுறை.

கேள்வி: எங்கள் பருத்திப்பட்டு ஏரியிலேயே கொக்கு நிற்கிறது. அதற்காக வேடந்தாங்கல் வரை போகணுமா? (ஆவடி வாசகர்)

பதில்: முதலில் பருத்திப்பட்டுக்கே போங்கள். கொக்குக்கும் நாரைக்கும் வித்தியாசம் தெரிந்த பிள்ளை வேடந்தாங்கலில் இரண்டு மடங்கு பார்க்கும். ஆனால் வேடந்தாங்கலில் பறவையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது அந்த ஊரை. மொத்தமே சுமார் முப்பது ஹெக்டேர்தான் ஏரி. நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் கரண்டிவாயனும் கூடு கட்டும். எச்சம் ஏரியில் விழும், அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போகும், நெல்லுக்கு உரமாகும். இதைப் பட்டறிந்த விவசாயிகள், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். 1798-ல் பாதுகாப்புக்கு எழுத்துபூர்வமான உரிமை வாங்கினார்கள். வனத்துறையே பிறக்காத காலம் அது! சட்டம் பிறகு வந்தது, காவல் முன்னாலேயே இருந்தது. பிள்ளைகளுக்கு நான் காட்ட ஆசைப்படுவது இதைத்தான். அங்கே வயலில் வேலை செய்யும் பெரியவர் யாராவது கிடைத்தால் ஐந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள்.

கேள்வி: வேடந்தாங்கலுக்கு மே மாதம் போகலாமா? (பூந்தமல்லி மாணவி)

பதில்: பள்ளிக்கு லீவு விடும்போது பறவைகளும் ஊருக்குப் போய்விடும். நவம்பர் முதல் மார்ச் வரைதான் சீசன். அரையாண்டு லீவும் பொங்கலும் சரியான நேரம், அதுவும் வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து ஏரி நிறைந்த ஆண்டில்.

கேள்வி: எல்லாமே தெற்கே இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லையா? (பட்டாபிராம் வாசகர்)

பதில்: உங்கள் ஊர்ப்பக்கம் போகும் வெளிவட்டச் சாலையை நடுவிலிருந்து பாருங்கள். ஒரு முனை வண்டலூர், மறுமுனை மீஞ்சூர். மீஞ்சூரிலிருந்து பொன்னேரி வழியாகப் பழவேற்காடு. நகர நெரிசலில் சிக்காமல் இரண்டு பக்கமும் போக வாய்த்தவர்கள் நாம்! பூநாரைகள் குளிர்காலத்தில் பழவேற்காட்டு ஏரியின் உவர்நீரில் தலைகீழாக அலகை வைத்து இரை வடிகட்டும். அந்த இரையிலிருந்துதான் அவற்றுக்கு இளஞ்சிவப்பு நிறமே வருகிறது. டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இருந்த ஊரும் அதுதான். அவர்களுடைய கல்லறைத் தோட்டத்து வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன.

படகுக்கு மட்டும் ஆசைப்படாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். கரையில் யாராவது "வாங்க சார், ஒரு ரவுண்டு" என்று கூப்பிட்டால், குழந்தைகள் எவ்வளவு அழுதாலும் ஏறக் கூடாது.

கேள்வி: வேனில் பாட்டுப் போடாமல் எப்படிச் சார் டூர்? (அயப்பாக்கம் இளைஞர்)

பதில்: தாராளமாகப் போடுங்கள், ஆடுங்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் படாளம் கூட்டு ரோடு வந்து வேடந்தாங்கலுக்குத் திரும்பியதும் நிறுத்திவிடுங்கள் தம்பி. பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர் அது.

கேள்வி: பாட்டிக்கு முழங்கால் வலி. அழைத்துப் போகலாமா? (திருவேற்காடு வாசகி)

பதில்: கட்டாயம். வண்டலூரில் பேட்டரி வண்டி இருக்கிறது. வேடந்தாங்கலில் கண்காணிப்புக் கோபுரத்தில் ஏற வேண்டியதில்லை, ஏரிக்கரையில் உட்கார்ந்தாலே போதும். நாலு மணிக்குப் போய்விடுங்கள், இரை தேடப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்பும். புளியோதரையைப் பாத்திரத்தில் கட்டுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். பைனாகுலரை முதலில் பாட்டியிடம் கொடுங்கள். பேரன் கையில் போனால் திரும்பி வராது.