பேரனுக்கு ஒரு பிழைப்பு யோசனை

ஏலே பேராண்டி, நாலு வருச ஓவியப் படிப்பு முடியப் போகுதாமே. எவன்கிட்டயும் சம்பளத்துக்கு இருக்க மாட்டேன், ஃப்ரீலான்ஸ்தான்னு உங்கம்மைகிட்டச் சொன்னியாம். அவ மூக்கைச் சிந்திக்கிட்டு என்கிட்ட வந்தா. நான் சந்தோசப்பட்டேன். நானும் மானாவாரிக்காரன்தானலே! மழை பெஞ்சாச் சோளம், பெய்யாட்டி வானத்தைப் பாத்துக்கிட்டுத் திண்ணை. ஒனக்கும் இனி அதே பாடுதான்.

தொழிலுக்கு எறங்குதவனுக்கு ஒரு யோசனை சொல்லுதேன். துட்டைப் பத்தி மட்டும் வாயத் தொறந்துராதே. கேட்டா கலைஞன் மருவாதி கெட்டுப் போயிரும்லா? போன தையில ஒன் சித்தப்பன் மக கல்யாணப் பத்திரிகைக்குப் பொண்ணு மாப்பிள்ளையப் படமாப் போட்டுக் குடுத்தியே, அதே மாதிரிதான் நடந்துக்கிடணும். ராத்திரி பூரா ஐபேடும் கையுமா உக்காந்திருந்தே. மாப்பிள்ளை வீட்டுலருந்து வாட்ஸப்புல உத்தரவு மேல உத்தரவு. மீசையக் கொஞ்சம் அடத்தியாக்குங்க. பொண்ணு கலரைக் கூட்டுங்க. பின்னால மண்டபம் வேணாம், காளமாடு ஒண்ணு நிக்கட்டும். மாடு வந்து நின்ன பெறகு, பழைய மண்டபமே தேவலை. சமையக்காரனுக்கு அச்சாரம், மேளத்துக்கு அச்சாரம், பத்திரிகை அடிச்ச அச்சாபீசுக்கு அட்வான்ஸ். ஒனக்கு? “தம்பிக்கு நல்ல கை!” அந்தக் கையத்தான் சூப்பிக்கிட்டு வந்தே.

காலண்டர்ப் படம்னா ஒனக்கு எளக்காரம் வேற. கோவில்பட்டிக் கொண்டையராஜு யாருன்னு நெனச்சே? 1850-ல ஹண்டர்னு ஒரு வெள்ளைக்கார டாக்டர் ஆரம்பிச்ச ஒங்க ஓவியக் காலேஜிலயே படிச்ச மனுசன். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கிட்டு வந்தவரு, கம்பெனி கலைஞ்சதும் கோவில்பட்டியிலயே தங்கிட்டாரு. அவரு எழுதுன சாமியெல்லாம் சிவகாசியில அச்சாகி வீட்டுக்கு வீடு போச்சு. ஒன் படத்துக்கு இன்ஸ்டாகிராம்ல லைக்குப் போடுதான். அவரு படத்துக்குச் சூடம் காட்டுதாகலே.

மசாலாப் பாக்கெட்டுக்குப் படம் கேட்டு வந்தவனைத் திருப்பி விட்டியாமே? ரொம்பச் சரி. ஒன் ரூம்புச் செவுத்துல சோழமண்டல ஓவியர் கிராமத்துப் பெரிய ஆளுகளை ஒட்டி வச்சிருக்கேல்லா, அவுகளும் அப்படித்தான் வீம்பா இருந்திருப்பாகன்னு நெனச்சிருப்பே. 1966-ல பணிக்கர் கூட்டிட்டுப் போயி ஈஞ்சம்பாக்கத்து மணல்காட்டுல குடியேறுனாகளே, அதுக்குத் துட்டு எங்கருந்து வந்துச்சு? பாத்திக் துணி போட்டு வித்தாகய்யா. துணி சோறு போட்டுச்சு, ஓவியத்துக்கு நேரம் கெடச்சுது. துறையூர்ப் பக்கத்து ஆதிமூலம் கி.ரா. எழுத்துக்குப் பத்திரிகையில கோட்டுப்படம் போட்டாரு. அதனால அவரு எதுல கொறஞ்சு போனாரு? நீ மட்டும் மஞ்சத்தூள் பாக்கெட்டுல கை வச்சா தீட்டுப் பட்டுருமாக்கும்!

எழுதி வாங்குத பழக்கமும் வச்சுக்கிடாதே. வக்கீல் குமாஸ்தா ஒருத்தன் என்கூடச் சீட்டாடுவான், அவன் சொன்னது. 1957-ஆம் வருசத்துக் பதிப்புரிமைச் சட்டத்துல, துட்டு வாங்கிக்கிட்டு ஒருத்தன் கேட்டதுக்காகப் போட்ட ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும், வேற பேச்சு ஒத்துக்கிடலைன்னா, உரிமை கேட்டவனுக்கே போயிருமாம். உரிமையை நீயே எழுதிக் குடுத்தாலும், எத்தனை வருசத்துக்குன்னு குறிக்கலைன்னா 5 வருசம்னு எடுத்துக்கிடுவாகளாம். பாதி வெள்ளைத்தாள் போதும்லே. என்ன படம், எதுல அச்சடிக்கலாம், எத்தனை தடவை திருத்துவேன், அச்சாரம் எவ்வளவு. ஆனா நீ கலைஞன். வெள்ளைத்தாளைக் கண்டா மாடுதான் வரைவே.

சித்திரைக் கொடைக்கு வர்றேல்லா? கோயில் செவுத்துல அய்யனாரைக் குதிரையோட எழுதணும்னு கமிட்டியில பேச்சு. ஒன் பேரச் சொல்லி வச்சிருக்கேன். பொருளாளர் நான்தான். பேரன்னு பாக்க மாட்டேன், அடிமாட்டு வெலைக்குத்தான் கேப்பேன். நீ அச்சாரம் கேக்காமப் பெயிண்டைத் தொட்டேன்னு வையி, குதிரைக்கு நாலு காலும் வாங்கிட்டு, ஒரு துண்டைப் போத்தி, பொங்கச்சோத்தக் குடுத்துப் பஸ் ஏத்தி விட்டுருவேன்.