வாய் திறக்காத கூட்டம்

கேள்வி: பணியாளர்கள் மனம்விட்டுப் பேச வேண்டும் என்று எல்லா நிறுவனங்களும் சொல்கின்றன, ஆனால் கூட்டத்தில் எவரும் வாய் திறப்பதில்லையே, ஏன்? (வாசகர், உப்பிலியபுரம்)

பதில்: உப்பிலியபுரம் அமைந்த திருச்சி மாவட்டத்திலேயே விடை இருக்கிறது. திருவெறும்பூரிலுள்ள பெல் ஆலை செய்யும் கொதிகலனில், அழுத்தம் வரம்பைக் கடந்தால் தானே திறந்து நீராவியை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு உண்டு. அது எந்த மேலாளரிடமும் அனுமதி கேட்டுத் திறப்பதில்லை, திறந்ததற்காக அதற்குக் குறிப்பாணையும் வருவதில்லை. மனிதருக்கு அந்த இரண்டு உறுதிகளும் இல்லாததால்தான் மௌனம் பிறக்கிறது.

1962இல் ஜப்பானில் தோன்றிய தர வட்டம், அதாவது ஒரே பணியிடத்தினர் சிறு குழுவாகத் தாமே விரும்பிக் கூடித் தம் வேலையின் குறைகளை ஆராய்ந்து நிர்வாகத்தின் முன் தீர்வை வைக்கும் முறை, 1980களின் தொடக்கத்தில் பெல் நிறுவனத்தின் ஐதராபாத் ஆலை வழியாகவே இந்தியாவுக்குள் வந்தது. அதன் வலிமை எளிமையானது: பற்றவைப்பில் விழும் விரிசலைப் பற்றவைப்பவரே முதலில் காண்கிறார்.

1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், சிறந்த குழுக்களிலேயே அதிகப் பிழைகள் பதிவாகியிருக்கக் கண்டு வியந்தார். அங்கே பிழையைச் சொல்ல அச்சமில்லை என்பதே அவர் கண்ட விளக்கம். வள்ளுவரும் இடித்துரைப்போரை அரசனுக்கே காவலாக வைத்தார். எனவே அடுத்த கூட்டத்தில் மேலாளர் கடைசியாகப் பேசட்டும். முதலில் குறை சொன்னவருக்கு, அந்தக் குறை என்னவாயிற்று என்ற பதில் ஒரு வாரத்துக்குள் எழுத்தில் போகட்டும்.