புரோட்டா மாஸ்டருக்கு வந்த தமிழ் மேனேஜருக்கு ஏன் வரவில்லை?

வெளியூரிலிருந்து பிழைக்க வருகிறவர் உள்ளூர் மொழியைக் கற்க வேண்டுமா, வேண்டாமா? இதற்கு டெல்லியில் குழு போட்டு, அறிக்கை கேட்டு, காலநீட்டிப்புக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். தூத்துக்குடிக்கு ஒரு நடை வந்து பார்த்தால் போதும். எழுதப்படாத சட்டம் ஒன்று இங்கே ஒழுங்காக அமலில் இருக்கிறது. சம்பளம் குறையக் குறைய மொழி கற்கும் கடமை கூடும். சம்பளம் ஏற ஏற அந்தக் கடமை தேயும். ஏசி அறைக்குள் நாற்காலி கிடைத்துவிட்டால் முழு விலக்கு.

பீகாரிலிருந்து வந்த பையன் ஒருவன் புரோட்டாக் கல்லின் முன்னால் நிற்கிறான். ஆறு மாதம் முடிவதற்குள் "அண்ணாச்சி, பிச்சுப் போட்டு சால்னா ஊத்தவா?" என்று கேட்கிறான். கூட வேலை பார்ப்பவனை "ஏல, தள்ளி நில்லுல" என்று அதட்டும் அளவுக்கு உள்ளூர்க்காரனாகிவிடுகிறான். அவனுக்கு யாரும் நன்னூல் நடத்தவில்லை. தண்ணீர் கேட்டவருக்கு முட்டையை நீட்டினால் முதலாளி என்ன சொல்வார் என்பதுதான் அவனுடைய பாடத்திட்டம்.

அதே தெருவில் ஒரு வங்கிக் கிளை. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கணிதம், தர்க்கம், பொது அறிவு, ஆங்கிலம் என்று அத்தனைத் தேர்விலும் தேறி வந்தவர். இந்தப் பக்கம் நிற்பவள் உப்பு வாரி வாரிக் கால் வெடித்த பெண். தன் சொந்தக் கணக்கிலிருந்து தன் சொந்தப் பணத்தைக் கேட்கிறாள். அவர் நிமிர்ந்து பார்த்து, "ஹிந்தி? இங்கிலீஷ்?" என்கிறார். எத்தனை தாராளம் பாருங்கள், இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை அவளுக்கே விட்டுவிடுகிறார்! வாடிக்கையாளர் படிவங்கள் இந்தி, ஆங்கிலம், மாநில மொழி மூன்றிலும் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எப்போதோ சொல்லிவிட்டது. அதனால் படிவத்துக்குத் தமிழ் தெரியும். அதை வாங்கிக்கொள்கிறவருக்குத்தான் தெரியாது.

மேனேஜருக்கு மூளை மட்டு என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். அவருக்கு அவசியம் இல்லை, அவ்வளவுதான். தமிழ் வராவிட்டால் புரோட்டா மாஸ்டருக்கு வேலை போகும். மேனேஜருக்கு எதுவும் போகாது. போவது அந்த உப்பளத்துப் பெண்ணின் அரைநாள் கூலி. உள்ளூர் மொழி பேசும் ஊழியர்களைக் கிளைகளில் வையுங்கள் என்று 2022 செப்டம்பரில் மும்பையில் வங்கி அதிகாரிகள் கூட்டத்தில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே அறிவுறுத்தினார். நாட்டின் கஜானாவுக்குச் சாவி வைத்திருப்பவர் வாயால் சொல்லியும் கவுன்ட்டர் அசையவில்லை என்றால், உப்பளத்துப் பெண் சொல்லியா அசையப்போகிறது?

சரி, அவள் ஏழை, படிக்காதவள். தூத்துக்குடியின் குரலாக நாம் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவரின் கதை என்ன? 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில், தனக்கு இந்தி தெரியாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்று சொன்னதற்கு, "நீங்கள் இந்தியரா?" என்று மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை அதிகாரி ஒருவர் தன்னைக் கேட்டதாக கனிமொழி வெளிப்படையாகச் சொன்னார். நல்லவேளை, மக்களவைத் தேர்தலில் வாக்களித்த தூத்துக்குடிக்காரர்களை வரிசையில் நிறுத்தி அதே கேள்வியைக் கேட்கவில்லை. அதே மாதம் ஆயுஷ் அமைச்சகம் நடத்திய இணையவழிப் பயிற்சியில், இந்தி புரியாத தமிழக மருத்துவர்களிடம், வேண்டுமானால் வெளியேறலாம் என்றார் துறையின் செயலாளர். யோகா வகுப்பு அது. மூச்சை அடக்கும் பயிற்சிக்கு முன்னால் வாயை அடக்கும் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

ரயில்வேயின் மேதைமைக்கு முன்னால் இதெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டு. 2019 மே மாதம் திருமங்கலம் பக்கத்தில், நிலைய அதிகாரிகள் ஒருவர் சொன்னதை ஒருவர் சரியாகப் புரிந்துகொள்ளாமல், எதிரெதிரே வந்த இரண்டு ரயில்களை ஒரே தண்டவாளத்தில் அனுமதித்துவிட்டார்கள். மயிரிழையில் தப்பினார்கள் பயணிகள். தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போகும் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஓடும் பாதை அது. நீங்களும் நானும் தூங்கிக்கொண்டு போகிற பாதை. இனி இப்படி நடக்காமலிருக்க என்ன செய்யலாம்? தமிழ்நாட்டில் வேலை பார்க்கும் நிலைய அதிகாரிக்குத் தமிழ் கற்றுக் கொடுக்கலாம். சாதாரண மூளைக்கு அப்படித்தான் தோன்றும். தெற்கு ரயில்வேக்கு அடுத்த மாதமே வேறொன்று தோன்றியது. நிலைய அதிகாரிகளும் கட்டுப்பாட்டு அறையும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ மட்டும் பேச வேண்டும், மாநில மொழியைத் தவிர்க்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் ஓரிரு நாளில் திரும்பப் பெற்றது. அறிக்கையைத் திரும்பப் பெறலாம். அதை எழுதிய மனதை யார் திரும்பப் பெறுவது?

காற்றையும் தண்ணீரையும் காப்பதற்காக ஓர் ஆலையை எதிர்த்துப் போராடி, 2018 மே மாதத்தில் 13 உயிரைத் துப்பாக்கிக்குக் கொடுத்த ஊர் இது. இரண்டே ஆண்டில், ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கும் விதிகளை மாற்றும் வரைவு வந்தது. கருத்துச் சொல்லுங்கள் என்று மக்களை அழைத்தது மத்திய அரசு. அழைப்பு இந்தியிலும் ஆங்கிலத்திலும். எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் வெளியிடுங்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னபோது, சரி என்று மொழிபெயர்த்துவிட்டுப் போகாமல், வழக்காடக் கிளம்பியது அரசு. மொழிபெயர்ப்பாளருக்குக் கூலி கொடுக்க மனமில்லை. வழக்கறிஞருக்குக் கொடுக்க மனமிருந்தது. புகை உள்ளூர் மூக்குக்கு, விதி வெளியூர் மொழியில் என்பதுதான் ஏற்பாடு.

இவ்வளவையும் கேட்டால் நமக்கு ரத்தம் கொதிக்கிறது. கொதிக்க வேண்டியதுதான். கொதித்த ரத்தத்தோடு எங்கே போகிறோம்? வங்கி மேலாளர் அறைக்கா? ரயில்வே கோட்ட அலுவலகத்துக்கா? அங்கெல்லாம் போனால் உட்காரச் சொல்லமாட்டார்கள். எனவே நேரே புரோட்டாக் கடைக்குப் போகிறோம். "ஏல வடக்கா, தமிழ்நாட்டுல இருந்துக்கிட்டு தமிழ் தெரியாதா?" என்று, தமிழில் சால்னா ஊற்றிக்கொண்டிருப்பவனிடமே வீரம் காட்டுகிறோம். பான்பராக் வாயன் என்று மீம் போடுகிறோம். மொழிப்போர்த் தியாகிகளுக்கு நாம் செலுத்தும் வீரவணக்கம் இவ்வளவுதான் என்றால், அவர்கள் வீணாகத்தான் செத்தார்கள்.

'இந்திக்காரன்' என்று நாம் ஒரே முத்திரை குத்துகிறவன் ஒடியா பேசுகிறவனாக இருக்கலாம். வங்காளமோ அசாமியோ சந்தாலியோ பேசுகிறவனாக இருக்கலாம். அவன் போஜ்புரிக்காரன் என்றால் கதை இன்னும் கேவலம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேர் போஜ்புரியைத் தாய்மொழி என்று சொன்னார்கள். அரசு அவர்களை அப்படியே இந்திக் கணக்கில் சேர்த்து 43.63 விழுக்காடு என்று மார்தட்டியது. போஜ்புரிக்கு எட்டாவது அட்டவணையில் இன்றுவரை இடம் இல்லை. இந்தி நம் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. அவன் வீட்டுக்குள் எப்போதோ புகுந்து, பத்திரத்தையும் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டுவிட்டது. நமக்கு முன்னால் தோற்றவனைப் பிடித்துக்கொண்டு, நம்மைத் தோற்கடிக்க வந்த தளபதி என்று அடிக்கிறோம்.

இந்த அடி நமக்குத் தெரியாத அடியா? 1966இல் சிவசேனை பிறந்த கையோடு மும்பையில் லுங்கி கட்டிய தென்னாட்டவர்களைத் தேடித் தேடி விரட்டியபோது, தாராவியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களில் நெல்லைச் சீமைக்காரர்கள் எத்தனை பேர்! கடலுக்கு அந்தப் பக்கம் 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தபோது, பரீட்சை எழுதச் சொல்லி வேலையைப் பறித்தது யாரிடம்? மராத்தி பேசவில்லை என்று மும்பையை ஒட்டிய மீரா ரோட்டில் 2025இல் அறை வாங்கியவர் ஒரு கடைக்காரர். மொழிப் பற்றாளர்களின் கை எப்போதுமே கடைக்காரர் கன்னம் வரைதான் நீளும். அதிகாரியின் கன்னத்துக்கு மட்டும் எட்டாது. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் வெட்டிக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது கொதித்தோம். நியாயம்தான். ஆனால் அந்தப் பொய்யை நம்பி அவர்கள் ஏன் பயந்தார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தோமா? நாம் அவர்களை அழைத்துக்கொண்டிருந்த பெயர் அவர்களுக்குத் தெரியும்.

2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே புதூர் பாண்டியாபுரத்தில் ஒரு மீன் பதனிடும் ஆலையில் அமோனியா கசிந்தது. மயங்கி விழுந்து மருத்துவமனைக்குப் போன பெண்களில் பலர் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். கண் எரிந்து மூச்சுத் திணறும் அந்த நேரத்தில், எந்தக் கதவு வழியே ஓட வேண்டும் என்பதை எந்த மொழியில் சொன்னால் அவர்களுக்குப் புரிந்திருக்கும்? மாநிலம் விட்டு மாநிலம் வந்த தொழிலாளர்களுக்காக 1979இல் இயற்றிய சட்டம், ஒப்பந்தக்காரர் கொடுக்கும் கையேட்டில் வேலை, கூலி விவரங்கள் தொழிலாளியின் சொந்த மொழியிலும் இருக்க வேண்டும் என்று சொன்னது. அப்படி ஒரு கையேட்டைப் பார்த்த தொழிலாளியை யாராவது கண்டுபிடித்தால், அவரை மணி மண்டபத்தில் வைக்கலாம்.

வெளிமாநிலத் தொழிலாளிக்குத் தமிழ் கற்றுக் கொடுக்கவாவது நமக்கு மனம் உண்டா? 2017இல் கேரள அரசு பெரும்பாவூரில் சங்காதி என்று ஒரு திட்டம் தொடங்கியது. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் திட்டம். அதற்கென்றே தனிப் பாடநூல். நாம் உலகெங்கும் உள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணையக் கல்விக்கழகம் வைத்தோம், நல்லது. சிப்காட் வாசலில் ஒரு மாலை வகுப்பு வைப்பதற்குக் கடல் கூடக் கடக்க வேண்டாமே.

அவனை விடுங்கள், நம் பிள்ளைக்கு? மதிப்பெண் கூடும் என்று பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுக்க வைத்த அப்பாக்கள்தானே நாம்? அரசுப் பணியில் சேர்ந்த தமிழர் ஒருவரே, இரண்டு ஆண்டுக்குள் தேற வேண்டிய தமிழ்த் தேர்வில் தேறாமல் வேலை இழந்து நீதிமன்றத்துக்குப் போன கதையும் தேனிப் பக்கம் நடந்தது. பிள்ளைக்குத் தமிழ் வேண்டாம், பீகாரிக்குக் கட்டாயம் வேண்டும். நம் தமிழ்ப்பற்றை மொத்தமாக வெளிமாநிலத் தொழிலாளர் தலையில் ஏற்றிவிட்டு, நாம் இங்கிலீஷ் மீடியத்துக்கு வேன் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கடற்கரைக்கு வந்த அதிகாரம் எல்லாம் எப்போதும் இப்படி ஊமையாக இருந்ததில்லை என்பதுதான் வேடிக்கை. போர்ச்சுக்கீசியரான அண்டிரிக் அடிகளார் 1547 வாக்கில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் கற்றார், இலக்கணம் எழுதினார். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்நாட்டில் அச்சான முதல் நூல் அது. செலவுக்குக் கைகொடுத்தவர்கள் இந்தக் கரையின் பரதவர்கள். 1600இல் புன்னைக்காயலில் இறந்தார். இத்தாலியிலிருந்து வந்து காமநாயக்கன்பட்டியில் இருந்த வீரமாமுனிவர் காப்பியமே எழுதினார். சாயர்புரத்தில் பள்ளி நடத்திய ஜி.யு. போப் 1886இல் குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். இவர்கள் தமிழ்க்காதலால் கப்பல் ஏறவில்லை, மதம் பரப்ப ஏறினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியோ சுரண்ட வந்தது. அதுவே 1812இல் எல்லிஸ் முயற்சியால் சென்னையில் கல்லூரி தொடங்கி, இளம் அதிகாரிகளைத் தமிழும் தெலுங்கும் படித்துத் தேர்வு எழுத வைத்தது. குடிகளின் மொழி தெரியாமல் வரி வசூலிக்க முடியாது என்று கொள்ளைக்காரனுக்கே தெரிந்திருந்தது. நம் வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகிறவர்களுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

ஆகவே வந்தவர் மொழி கற்க வேண்டுமா என்றால், வேண்டும். ஆனால் வரிசை மேலிருந்து தொடங்கட்டும். கவுன்ட்டர், சீருடை, கொடி, முத்திரை, இவற்றில் ஒன்றைக் கையில் வைத்திருப்பவர் ஓராண்டுக்குள் தமிழ்த் தேர்வு எழுதட்டும். தேறாவிட்டால் சம்பள உயர்வு நிற்கட்டும். சிலாநத்தத்தில் 2025இல் திறந்த வியட்நாம் கார் ஆலை முதல் பழைய மீன் ஆலை வரை, அபாய அறிவிப்பும் பயிற்சியும் அங்கே வேலை செய்கிறவர்களின் மொழியில் இருக்கட்டும். தொழிலாளிக்கு மாலை வகுப்பு வேண்டும், வேலை நேரத்துக்குள், கூலி பிடிக்காமல்.

அடுத்த முறை உங்களுக்குத் தமிழ் மானம் பொங்கும்போது புரோட்டாவைச் சாப்பிட்டு, காசைக் கொடுத்துவிட்டு, எதிரே உள்ள வங்கிக்குள் போங்கள். பணம் எடுக்கும் சீட்டைத் தமிழில் நிரப்பி நீட்டுங்கள். அங்கே காட்டுங்கள் வீரத்தை.