மேசைமுழவு இலக்கணம்

தொல்காப்பியர் நிலந்தோறும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் எண்ணியிருக்கிறார். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று உரைகாரர்கள் அதை விரித்தார்கள். மேசையை ஒருவரும் சொல்லவில்லை. அக்காலத்தில் மேசை இல்லாமையே காரணம் என்று கொள்ளலாம். இன்று வகுப்பறையிலும் அலுவலகத்திலும் ஓட்டலிலும் மேசை இருக்கிறது. மேசை உள்ள இடமெல்லாம் அதைத் தட்டும் விரலும் இருக்கிறது. விடுபட்ட இலக்கணத்தை யாராவது எழுதித்தான் ஆகவேண்டும். வேறெவரும் முன்வராததால் இக்கட்டுரை.

மேசைமுழவாவது, மேசையைச் சும்மா தட்டுவதன்று. அருகில் கைப்பேசியை வைத்து, அதற்கென உள்ள செயலியைத் திறந்து, காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு தட்டுவது. கைப்பேசியின் மைக் தட்டலைக் கேட்கும். செயலி அதை இன்ன தட்டல் என்று தேர்ந்து, அதற்கு ஈடாக ஒரு டிரம்மின் ஒலியைக் காதில் விடும். உள்ளங்கை விழுந்தால் கிக் டிரம், விரல்நுனி விழுந்தால் ஸ்நேர், நகம் பட்டால் ஹை-ஹாட். டேபிள்டிரம் என ஆப்பிள் சாதனங்களுக்கு வந்த செயலி இவ்வினத்தைச் சேர்ந்தது.

முன்னோர் சான்று இல்லாமல் இல்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, மாதவியின் அரங்கேற்றத்துக்கு வாய்த்த ஆடலாசிரியன், இசையாசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளை வரிசையாகச் சொல்கிறது. அவர்களிடையே தண்ணுமை ஆசிரியனும் நிற்கிறான். அவன் கைத்தொழிலைச் சொல்லுமிடத்தில் இளங்கோ கூரிய நகத்தைக் குறிப்பிட மறக்கவில்லை. ஹை-ஹாட்டின் தோற்றம் பற்றி இனியும் விவாதிப்பார் இதைக் கருதுக. ஒலியைக் கூட்டுவதிலும் அடக்குவதிலும் அவன் அளவு மீறாதவன் என்றும் அவர் புகழ்கிறார். செயலியின் அமைப்புப் பக்கத்தில் இதற்கென்றே ஒரு கோடும் அதன்மேல் நகரும் ஒரு பொத்தானும் உண்டு. நகம் வெட்டிய அன்று பேனா மூடியால் சமாளிக்கலாம். இளங்கோ அதை விலக்கியதாகத் தெரியவில்லை.

இனி, எதைத் தட்டுவது? அதே காதையின் உரையில் அடியார்க்கு நல்லார் தோற்கருவிகளை நீளமாக அடுக்கிவிட்டு, அவற்றை அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு, புறப்புறமுழவு, பண்ணமைமுழவு, நாண்முழவு, காலைமுழவு என ஏழாகப் பகுக்கிறார். மத்தளம், இடக்கை, குடமுழா முதலியவை உத்தமம், ஆகவே அகமுழவு. தண்ணுமையும் தக்கையும் மத்திமம், ஆகவே அகப்புறம். கணப்பறை அதமம், ஆகவே புறம். அவர் தரத்தைப் பார்த்துப் பெயரிட்டார். நாம் இடத்தைப் பார்த்து இடுவோம். பழைய பெயருக்குப் புதுப்பொருள் கொள்வது உரைமரபில் குற்றமன்று, மறுத்து எழுத இன்னொருவர் வரும்வரை.

இவ்வாறு கொண்டால் வீட்டுக்குள் உள்ள பரப்புகள் அகமுழவு. அவற்றுள் தேக்கு மேசை மதிப்புக்குரியது, ஆனால் கனம் மிகுந்து வாய் பேசாது. பிளைவுட் மேசையின் இழுப்பறைப் பக்கம் உள்ளே வெற்றிடம் இருப்பதால் கிக் தானாகவே விளையும். இரும்பு பீரோவின் கதவு ஆழ்ந்த ஒலி தரும்; தட்டி முடித்த பிறகும் உள்ளிருக்கும் பாத்திரங்கள் சற்று நேரம் தமக்குள் பேசிக்கொள்ளும், செயலி அதையும் அடியென்று கணக்கிடும். சமையலறைக் கிரானைட் மேடை நகத்துக்கு மட்டும் இசையும். எவர்சில்வர் சொம்பு தன் சுருதியை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காது. தொடை தாளம் போடுவதற்கு என்று முன்பே ஒதுக்கப்பட்டது, அதை இதற்கு எடுக்கலாகாது.

புறமுழவுக்கு மாநகரப் பேருந்தின் வெளித்தகட்டைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. சென்னைக் கல்லூரி மாணவர்கள் படிக்கட்டில் தொங்கியபடி தகட்டைத் தட்டிக் கானா பாடுவது, இச்செயலிகள் எல்லாம் பிறக்கும் முன்பே நிலைபெற்ற மரபு. ஒரு கை கம்பியில், ஒரு கை தகட்டில். கைப்பேசிக்கு மூன்றாம் கை வேண்டும். ஆகவே புறமுழவுக்குச் செயலி பொருந்தாது என்பது முடிபு. அவர்களுக்கு அது தேவைப்பட்டதும் இல்லை. தகடு தன் குரலிலேயே பேசுகிறது. பேருந்தில் இருப்பவர் அனைவரும், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், கேட்கிறார்கள்.

அற்றேல், மேசையும் தன் குரலில் பேசிவிட்டுப் போகட்டுமே, நடுவில் கைப்பேசி எதற்கு எனின், அக்கேள்வியிலேயே இக்கலையின் தனி இயல்பு அடங்கியிருக்கிறது. ஒரு பரப்புக்குக் குரல் கொடுக்க நம் வாத்தியக் கைவினைஞர் பட்ட பாடு கொஞ்சமன்று. வட்டமாக இழுத்துக் கட்டிய வெறுந்தோலைத் தட்டினால் மேலதிர்வுகள் அடிப்படை அதிர்வின் 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும், சுருதி கூடாது. மிருதங்கத்தின் வலந்தலையில் சோற்றோடு கறுப்புக் கல்பொடியைப் பிசைந்து, அடுக்கடுக்காகத் தேய்த்துக் கரணை இடுகிறார்கள். அந்தக் கறுப்பு வட்டத்தின் எடை மேலதிர்வுகளை இழுத்துப் பிடித்து இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என முழு மடங்குகளில் நிறுத்துகிறது. திருச்சியில் பிறந்த சி. வி. ராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920இல் ‘நேச்சர்’ இதழில் இதை உலகுக்குச் சொன்னார். 1934இல் விரிவாக எழுதினார். இடையில் 1930இல் ஒளி தொடர்பாக ஒரு பரிசும் வாங்கிக்கொண்டார். இடந்தலைக்கு வேறு பக்குவம்: கச்சேரிக்குச் சற்றுமுன் ரவையைப் பிசைந்து அப்பவேண்டும்.

மேசைமுழவு இத்தனையையும் ஒரே வீச்சில் தள்ளுபடி செய்கிறது. உப்புமா சிந்திய சாப்பாட்டு மேசையில் ரவை தானே அமைந்திருந்தாலும் பயனில்லை. மேசை எந்தச் சுருதியில் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், வந்தது கிக்கா ஸ்நேரா என்று மட்டும் தெரிந்துகொண்டு செயலி பேச்சைத் தூக்கி எறிந்துவிடும். அலுவலகத்தில் மனுதாரரின் பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு மனுவைப் படிக்காமல் வைப்பது போன்றது இது. காதில் கேட்கும் குரல் எங்கோ ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேறொருவர் என்றோ அடித்து வைத்த டிரம்முடையது. எல்லாவற்றையும் வாத்தியமாக்கும் கலை என்று இதை விளம்பரப்படுத்துகிறார்கள். எந்தப் பொருளும் தன் குரலில் பேசக்கூடாது என்ற நிபந்தனை அதன் உட்பொருள்.

தேர்வு நடக்கும் முறையைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். மைக்கிலிருந்து வரும் ஒலியைக் கைப்பேசி விநாடிக்கு 44,100 தடவை அளக்கிறது. அளவு திடீரென்று எகிறினால் ஓர் அடி விழுந்ததாகப் பொருள். எகிறியதில் மேல் அதிர்வெண்கள் மிகுந்திருந்தால் நகம், கீழ் அதிர்வெண்கள் மிகுந்திருந்தால் உள்ளங்கை. இந்த வேறுபாட்டைச் செயலிக்கு நாமே முதலில் அடித்துக் காட்டிப் பழக்கவேண்டும். மற்ற வாத்தியங்களில் வாசிப்பவன் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்பான். இதில் வாத்தியம் ஒரு நிமிடம் பாடம் கேட்டுவிட்டுத் தேறிவிடும். வாசிப்பவன் தேறவேண்டும் என்ற விதி இல்லை.

சிக்கல் நேரத்தில்தான். 100 ஹெர்ட்ஸ் அதிர்வு ஒரு சுற்றுச் சுற்ற 10 மில்லி விநாடி பிடிக்கும். வந்தது ஆழ்ந்த ஒலிதான் என்று உறுதிசெய்ய அந்த ஒரு சுற்றையாவது கேட்டு முடிக்கவேண்டும். முழுதும் கேட்டபின் பதில் சொன்னால் தாமதம்; பாதி கேட்டுப் பதில் சொன்னால் பிழை. நீதிமன்றங்களைப் பற்றியும் இப்படிச் சொல்வார்கள், அது இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது. இதோடு, கைப்பேசி இந்த அளவீடுகளை, அதாவது ஒலித்துளிகளை, ஒவ்வொன்றாகக் கையாளாது, 256 துளிகள் சேர்ந்த பொட்டலமாகவே பெரும்பாலும் வாங்கி விடும். ஒரு பொட்டலத்துக்கு ஏறத்தாழ 5.8 மில்லி விநாடி. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. தொழில்முறை ஒலிக்குத் தகுதியுடையது என்று ஒரு கைப்பேசி சொல்லிக்கொள்ள, ஒலி உள்ளே போய் வெளியே வர 20 மில்லி விநாடிக்கு மேல் ஆகக்கூடாது என்று ஆண்ட்ராய்டு 2015இல் விதித்தது. இது பெரிய குறையன்று. காற்றில் ஒலி ஒரு மீட்டரைக் கடக்க 3 மில்லி விநாடி ஆகும். சபாவில் முப்பது மீட்டர் தள்ளி உட்கார்ந்த ரசிகர் ஒவ்வோர் அடியையும் 90 மில்லி விநாடி கழித்தே கேட்டு, உரிய இடத்தில் தலையாட்டியதாக நம்பிக்கொண்டு வீடு திரும்புகிறார்.

புளூடூத் இயர்போன் வேறு வகை. அதில் தாமதம் 200 மில்லி விநாடியைத் தொடுவது சாதாரணம். நிமிடத்துக்கு 80 அட்சரம் ஓடும் ஆதி தாளத்தில் சதுஸ்ர நடையின் ஒரு மாத்திரை 188 மில்லி விநாடிக்குள் முடிந்துவிடும். ஆகவே ‘தகதிமி’யில் ‘த’ அடித்தால் ‘க’ அடிக்கும்போது ‘த’ கேட்கும். ‘மி’ கேட்கும்போது அடுத்த ‘த’ விழுந்திருக்கும். இதைக் குற்றம் என்று சிலர் புளூடூத்தைக் கழற்றிவிடுகிறார்கள். அவசரம். தாளம் தொடங்கிச் சற்றுக் கழித்துப் பாட்டு எழுவதை அனாகத எடுப்பு என்று சாத்திரம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. எல்லா உருப்படியும், எல்லா வேளையிலும், எல்லாரிடமும் அனாகத எடுப்பில் அமையும் ஒரே வாத்தியம் இது.

கைப்பேசியின் மனப்பான்மையும் கவனிக்கத்தக்கது. அது பேசுவதற்காகப் பிறந்த பொருள். மனிதப் பேச்சைப் பொறுக்கியெடுத்து மற்றதை இரைச்சல் என்று அகற்றும்படி அதற்குக் கற்பித்திருக்கிறார்கள். தட்டல் ஒலி அந்தச் சல்லடையில் முதலில் கழியும் குப்பை. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7.0, திருத்தம் செய்யாத மைக் ஒலியைச் செயலிகள் கேட்டு வாங்க வழி செய்தது. கேட்டால் எல்லாக் கைப்பேசியும் கொடுக்கும் என்று அதற்குப் பொருளன்று.

சல்லடை நீங்கியதும் எதிர்க்குறை தோன்றும். செயலிக்கு நோக்கம் தெரியாது. எகிறுகிறதா என்பது மட்டுமே தெரியும். குக்கர் முதல் விசில் விட்டால் ஓர் அடி. அடுத்த வீட்டில் தாழ்ப்பாள் விழுந்தால் ஓர் அடி. சுவரில் பல்லி சொன்னால் தெளிவான ஹை-ஹாட். பல்லி எத்திசையிலிருந்து சொன்னால் என்ன பலன் என்பதற்குப் பஞ்சாங்கத்தில் அட்டவணை உண்டு. கோர்வையின் நடுவே சொன்னால் என்ன பலன் என்று அதில் இல்லை. பரோட்டா கடைக்கு அருகே இச்செயலியைத் திறந்து வைப்பது விலக்கப்பட்டது. கொத்துக்கரண்டிகள் இரண்டும் கல்லில் இறங்கும் வேகத்துக்கு மாஸ்டரே தனி வித்வான். வாசித்தது யார் என்பதில் பின்னர் வழக்கு எழும்.

இயர்போன் இல்லாமல் வாசிக்கலாகாதோ எனின், ஆகாது. ஸ்பீக்கரில் எழும் டிரம் ஒலியை மைக் மீண்டும் கேட்கும், கேட்டதை அடியென்று கொண்டு மீண்டும் டிரம்மை எழுப்பும், அதையும் கேட்கும். மனிதத் துணையின்றிப் பேட்டரி தீரும்வரை நடக்கக்கூடிய கச்சேரி. இதைத் தடுக்க, ஓர் அடி விழுந்தபின் சிறிது நேரம் காதைப் பொத்திக்கொள்ளும்படி செயலியை அமைக்கலாம். அப்போது ‘தரிகிட’ என்று விரைந்து விழும் சொற்களில் ‘த’ மட்டும் கேட்கும், ‘ரிகிட’ கேட்காது.

எனவே இயர்போன். இதன் விளைவைத் துணிந்து சொல்லவேண்டும். டிரம் கேட்பது வாசிப்பவர் ஒருவருக்கு மட்டும். மனைவி, மாமியார், கீழ்வீட்டுக்காரர் முதலான ஏனையோருக்கு டொக், டொக், டொக். அவர்கள் கேட்பது மேசையின் குரல், செயலி தூக்கி எறிந்த அதே குரல். அவர்களுடைய கருத்தை இந்நூலில் சேர்ப்பதற்கில்லை. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் ஒரு காலகட்டத்தில் மைக் வைத்த மேடையில் வாசிக்க மறுத்தவர். மிருதங்கத்தின் இயல்பான நாதம் ரசிகர் காதுக்கு நேரே போகவேண்டும் என்பது அவர் பிடிவாதம். மேசைமுழவில் அவர் கொள்கையைக் கடைப்பிடித்து மைக்கை எடுத்துவிட்டால் வாசிப்பவரும் வீட்டாரும் ஒரே கச்சேரியைக் கேட்பார்கள். அதனால் பயன் யாருக்கு என்பது ஆய்வுக்குரியது.

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் ரசிகர்களில் ஒரு பகுதியினர் எழுந்து போவது மார்கழிக் கச்சேரிகளில் நெடுங்கால வழக்கு. மிருதங்க வித்வான்கள் இதற்காக வருந்துவதுண்டு. மேசைமுழவாளருக்கு அந்த வருத்தம் இல்லை. எழுந்து போக ஆளில்லை. ஆனால் எழுந்து போகிறவர்கள் போய்ச் சேருமிடம் சபா கேன்டீன் என்பதையும், அங்கே மேசைகள் வரிசையாக உள்ளன என்பதையும், அடை வரும்வரை விரல்களுக்கு வேறு தொழில் இல்லை என்பதையும் இலக்கணம் கணக்கில் கொள்கிறது. ஒரே விதிவிலக்கு: விரித்த வாழையிலையின்மேல் நகத்தின் கூர்மை மங்கிவிடும், ஹை-ஹாட் எழாது. இலை போடுவதற்குள் கோர்வையை முடித்துக்கொள்க.